கப் முதலில், வாளி பிறகு

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலில் யாரும் உங்களுக்கு மாலை போடப்போவதில்லை. திருகோணமலைத் துறைமுகத்தில் நான் வேலை பார்த்த காலம் முழுவதும் எனக்கு இருந்த பெயர் ‘மூத்திர மிஸி’. தாதிமாரை மிஸி என்பது எங்களூர் வழக்கம். முன்னால் உள்ள சொல்லை நான் என் சொந்த உழைப்பால் சம்பாதித்தேன்.

என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பத்திடம் அம்மா, “மகள் கப்பல் கொம்பனியில பரிசோதனைப் பகுதியில இருக்கிறா” என்று சொல்லிவிட்டுக் கதையை மாற்றப் பார்த்தார். மாப்பிள்ளை விடவில்லை. என்ன பரிசோதனை என்று என்னிடமே கேட்டார். நான் சொன்னேன். கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை அவர் மெதுவாகக் கீழே வைத்தார், பிறகு அதைத் தொடவேயில்லை. அடுத்த வருடம் வந்த மனிதர் அதே பதிலைக் கேட்டுவிட்டு இரண்டாவது கோப்பையும் வாங்கிக் குடித்தார். அவரைத்தான் கட்டினேன்.

அது சண்டைக் காலம். உப்புவெளியிலிருந்து துறைமுக வாசல் வரை நான் சைக்கிளில் வருவேன். வழியில் எத்தனை இடத்தில் இறங்கி அடையாள அட்டை காட்ட வேண்டும் என்பது அந்தந்த நாளின் நிலைமையைப் பொறுத்தது. கப்பல்கள் குறைவாகத்தான் வந்தன. வந்த கப்பல்களுக்குக் காப்புறுதி கொடுத்த வெளிநாட்டுக்காரர் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: கிரேன் ஓட்டுபவரும் இழுவைப் படகு ஓட்டுபவரும் போதைப்பொருள் பாவிக்காதவர்கள் என்று சிறுநீர்ச் சோதனை செய்து காட்ட வேண்டும். அதற்காக எங்கள் கொம்பனி என்னைக் கொழும்புக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்து, கையில் ஒரு தடித்த கைநூலையும் தந்தது.

கப்பில் எந்தக் கோடு வரை நிரம்ப வேண்டும், முத்திரையை எங்கே ஒட்ட வேண்டும் என்பதெல்லாம் உங்கள் கைநூலிலும் இருக்கிறது. அதைத் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தைத் தின்ன மாட்டேன். கதைக்கு வேண்டியது ஒரே ஒரு விதிதான். சோதிக்கப்படுபவர் கப்பில் தண்ணீர் கலந்துவிடக் கூடாது. ஆகவே அறைக்குள் குழாய் திறந்திருக்கக் கூடாது, கக்கூசுத் தொட்டியில் உள்ள தண்ணீருக்கு நீலச் சாயம் போட்டிருக்க வேண்டும்.

எங்கள் கிளினிக்கில் இருந்தது குந்தியிருக்கும் கக்கூசு. அதற்குத் தொட்டி கிடையாது. ஒரு குழாய், ஒரு வாளி, ஒரு கோப்பை. நான் கைநூலை மூன்று தரம் படித்தேன். தொட்டி என்று எழுதியிருந்தது. எங்களிடம் இருந்த ஒரே தொட்டி கூரைக்கு மேலே இருந்தது. ஏணி வைத்து ஏறி, போத்தலில் இருந்த சாயம் முழுவதையும் அதற்குள் ஊற்றிவிட்டு, கடமை முடித்த திருப்தியுடன் இறங்கினேன். பாதுகாப்பு முகாமையாளர் அன்று வெளிநாட்டவர்களுடன் கூட்டத்துக்குப் போக முன்னர் முகம் கழுவினார். வெள்ளைச் சேர்ட்டின் கழுத்துப்பட்டி நீலம். காதுமடல் நீலம். குசினியில் கொதித்த தேத்தண்ணியின் நிறத்தைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை.

முகாமையாளர் கொழும்பிலிருந்து வந்தவர். நல்ல மனிதர்தான், ஆனால் மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தால் எழும்பி நின்று பேசுபவர். அவர் போட்ட சத்தத்தில் எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. சாயம்தானே பிரச்சினை, இனித் தண்ணீரே இருக்காது என்று குழாயை மூடி அதன் திருகுபிடியைக் கழற்றி அலுமாரியில் பூட்டினேன். வாளியையும் கோப்பையையும் எடுத்து வெளியே வைத்தேன். கதவில் கொட்டை எழுத்தில் ஒரு அறிவித்தல் ஒட்டினேன்: ‘சோதனை நேரத்தில் தண்ணீர் பாவிப்பது மோசடி. மோசடி செய்பவரின் வேலை பறிபோகும்.’ அது போதாதென்று, மதிய இடைவேளையில் கிரேன்காரர்களைக் கூப்பிட்டு நிறுத்தி ஒரு பிரசங்கமும் செய்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். தொழிலைக் கரைத்துக் குடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு வயது இருபத்தாறு.

அடுத்த மாதம் ரமழான் நோன்பு தொடங்கியது. நோன்பின் நடுப்பகுதியில் ஒரு நாள், கப்பலிலிருந்து இறக்கிக்கொண்டிருந்த மாவு மூட்டைகள் கிரேனிலிருந்து நழுவி இறங்குதுறையில் விழுந்தன. நல்ல காலம், ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்தடி தள்ளி நின்ற இரண்டு பேர் தலையிலிருந்து கால்வரை மாவாக நின்றார்களே தவிர, கீறல்கூட இல்லை. ஆனால் கப்பல் கப்டன் குதித்தார். கிரேன் ஓட்டியவரை உடனே சோதிக்க வேண்டும், பதில் இல்லாமல் சரக்கு இறக்க விடமாட்டேன் என்றார்.

கிரேன் ஓட்டியவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஹனிபா நானா. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். நாற்பது வயதிருக்கும். நான்கு பிள்ளைகள். பெண்களோடு பேசும்போது நிலத்தைப் பார்த்துப் பேசும் கூச்ச சுபாவம். அவரை ஒன்றரை மணிக்கு என்னிடம் கொண்டுவந்தார்கள். சோதனையை மறுத்தால் அந்த இடத்திலேயே வேலை நீக்கம், துறைமுகப் பாஸும் பறிக்கப்படும். அந்தப் பாஸ் போனால் அந்த மனிதருக்கு வேறு வழி கிடையாது. அந்த நாட்களில் கடலுக்குப் போகத் தடை, வயலுக்குப் போகப் பயம். துறைமுக வாசலுக்குள் நுழைய முடிந்தவன் வீட்டில்தான் ஒழுங்காக அடுப்பு எரிந்தது.

குழாயைப் பூட்டிய பிறகு வந்த முதல் சோதனை அதுதான். கப்பைக் கொடுத்து உள்ளே அனுப்பினேன். மூன்று நிமிடத்தில் வெறும் கப்போடு வெளியே வந்தார்.

“வரேல்ல மிஸி,” என்றார், நிலத்தைப் பார்த்து.

இதற்கும் கைநூலில் வழி இருந்தது. தண்ணீர் குடிக்கக் கொடுத்து மூன்று மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். ஆள் என் பார்வையிலேயே இருக்க வேண்டும். அதற்குள்ளும் தராவிட்டால் நடந்ததை எழுதிக் கையெழுத்திட வேண்டும். நான் பெரிய போத்தல் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.

“நோம்பு மிஸி.”

“ஓம், தெரியும் நானா. ஆனா இது சோதினையெல்லே. குடிக்காட்டி எப்பிடி வரும்?”

“அது வேணாம் மிஸி. நான் இருக்கிறன்.”

இருந்தார். கதிரையின் நுனியில், முழங்கால்களைச் சேர்த்துக்கொண்டு. முகாமையாளர் வந்து கெஞ்சினார், பிறகு வெருட்டினார், பிறகு மறுபடி கெஞ்சினார். சரக்கு வைக்கும் கிட்டங்கியில் வேலை செய்த இன்னொரு கிண்ணியாக்காரரைக் கூட்டிவந்து, நிர்ப்பந்தம் என்றால் நோன்பை விட்டுப் பிறகு பிடிக்கலாமே என்று சொல்ல வைத்தார். ஹனிபா நானா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார், போத்தலைத் தொடவில்லை. மூன்று மணிக்கு இன்னொரு தரம் உள்ளே அனுப்பினேன். கப் காய்ந்தபடியே திரும்பி வந்தது.

அதற்குள் அவருக்கு வேர்க்கத் தொடங்கிவிட்டது. நெற்றியில் முத்து முத்தாக. கால் ஒன்று ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிடம் இருப்பார், ஒரு நிமிடம் எழும்பி நிற்பார். முகாமையாளர் என்னை மூலைக்குக் கூப்பிட்டார்.

“பாருங்க மிஸி, உடம்பு நடுங்குது, வேர்க்குது, ஒரு இடத்தில இருக்க முடியல்ல. இது போதைப் பழக்கம் இல்லாம வேற என்ன?”

பயிற்சியில் படித்ததெல்லாம் என் மண்டைக்குள் வரிசையாக வந்து நின்றது. வியர்வை, நடுக்கம், அமைதியின்மை, கண்ணைப் பார்த்துப் பேசாமை. ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன், எல்லாம் பொருந்தியது. கொழும்பில் எங்களுக்குப் படிப்பித்த வைத்தியரிடம் கேட்கலாம் என்று தொலைபேசியை எடுத்தேன். அதில் இரைச்சல் மட்டும்தான் இருந்தது. அந்த நாட்களில் அது வேலை செய்தால்தான் செய்தி.

நான்கு மணி தாண்டியது. கெடு முடிய நாலரை ஆகும். முகாமையாளர் படிவத்தை என் முன்னால் தள்ளினார்.

“நாலரைக்கு எழுதப்போறதைத்தானே இப்ப எழுதப்போறீங்க. கப்டன் கத்திக்கொண்டிருக்கிறார். ‘மறுத்தார்’ எண்டு போட்டுக் கையெழுத்து வையுங்க, முடிப்பம்.”

பிள்ளைகளே, இந்த இடத்தில் நான் நிமிர்ந்து நின்று, இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது ஐயா என்று சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். சொல்லவில்லை. நான் பேனையை எடுத்தேன். எனக்கும் களைத்துவிட்டது. ஆறு மணிக்கு முன்னர் உப்புவெளி போய்ச் சேர வேண்டும் என்ற நினைப்பும் இருந்தது. திகதியை எழுதினேன், அவருடைய பெயரை எழுதினேன், அடுத்த சொல்லை எழுதத் தொடங்கினேன்.

ஹனிபா நானா எழும்பினார்.

“மிஸி, அஸர் தொழ நேரம் போகுது. தொழுதிட்டு வாறன்.”

“வெளிய போக ஏலாது நானா. நீங்கள் என்ர கண்ணுக்கு முன்னாலதான் இருக்கவேணும். இந்த மூலையில துணி விரிச்சுத் தாறன், தொழுங்கோ.”

“சரி மிஸி. கை கால் கழுவி ஒளு எடுக்க முந்தி ஒருக்கா கக்கூசுக்குப் போகவேணும். கிட்டங்கிக்குப் பக்கத்தில ஒண்டு இரிக்குதே, அங்க.”

நான் பேனையைக் கீழே வைத்தேன்.

“நீங்கள் வரேல்ல எண்டல்லோ சொன்னனீங்கள்?”

“வருது மிஸி.”

“எப்ப இருந்து?”

“விடியக் கிரேனில ஏறினதில இருந்து.” கக்கூசுக் கதவைக் காட்டினார். “இங்க தண்ணி இல்லையே மிஸி. கழுவாம எப்பிடி? ஒரு சொட்டு உடுப்பில பட்டாலும் தொழ ஏலாது.”

முகாமையாளர் என்னைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன். கதவில் என் கொட்டை எழுத்து.

இப்போது சொல்லுங்கள், எங்களை என்ன செய்யலாம்? படித்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்து, சிறுநீர்ப்பை முட்டி நிற்கும் ஒரு மனிதரை, இரண்டரை மணித்தியாலம் தண்ணீர் குடி குடி என்று வதைத்திருக்கிறோம். அவருக்குத் தண்ணீர் வேண்டித்தான் இருந்தது, குடிப்பதற்கு அல்ல. எங்கள் வீட்டு ஆண்களும் வாளியில்லாத கக்கூசுக்குள் போக மாட்டார்கள். இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. பிறந்ததிலிருந்து தெரியும். அந்தத் தடித்த கைநூலைக் கையில் வாங்கிய அன்று மறந்துபோயிற்று.

“இதை ஏன் நானா முதலே சொல்லேல்ல?” என்று கேட்டேன். உண்மையில் கத்தினேன்.

“பொம்பிளப் பிள்ளைக்கிட்ட எப்பிடிச் சொல்றது? அதோட, தண்ணி பாவிச்சா வேலை போகும் எண்டு எழுதியிரிக்கு. தண்ணி கேட்டாலே களவு எண்டு நினைப்பினம் எண்டு பயந்தனான்.”

மணி நாலு பன்னிரண்டு. நான் அலுமாரியைத் திறந்து, புதிதாக வந்திருந்த நீலச் சாயப் போத்தலை எடுத்தேன். வாளித் தண்ணீரில் சாயம் போட்டு உள்ளே வைத்தால் விதியும் காப்பாற்றப்படும், அவர் கழுவவும் கழுவலாம் அல்லவா? அவர் போத்தலைப் பார்த்துவிட்டுப் பரிதாபமாகத் தலையை ஆட்டினார்.

“நிறம் மாறின தண்ணியால சுத்தம் ஆகாது மிஸி.” சொல்லும்போது ஒரு காலில் நின்றார்.

“அப்ப வாளி என்ர கையில இருக்கட்டும்,” என்றேன். “நான் கதவுக்கு வெளியில நிக்கிறன். நீங்கள் கப்பை நிரப்பிக் கதவை ஒரு சாண் திறந்து வெளிய நீட்டுங்கோ. கப் என்ர கைக்கு வந்த பிறகு வாளி உள்ள வரும். நான் சுவரைப் பாத்துக்கொண்டு நிற்பன். கப் முதல், வாளி பிறகு. விளங்குதோ?”

அவர் முழுவதையும் கேட்க நிற்கவில்லை. கப்பைப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடினார். நான் ஒரு கையில் வாளியைத் தூக்கிக்கொண்டு, சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தபடி நின்றேன். முகாமையாளர் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார். உள்ளேயிருந்து வந்த சத்தம் நிற்பதாகவே இல்லை. முகாமையாளருக்கு முதலில் உதடு துடித்தது, பிறகு தோள் குலுங்கியது, கடைசியில் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். கதவு ஒரு சாண் திறந்தது. விளிம்புவரை தளும்பும் கப்போடு ஒரு கை வெளியே வந்தது. நான் வாங்கிக்கொண்டு வாளியை உள்ளே தள்ளினேன்.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றது உள்ளிருந்து ஒரு குரல். அவ்வளவு மனதார யாரும் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை.

கப்பில் ஒட்டியிருந்த வெப்பமானியைப் பார்த்தேன், சரியாக இருந்தது. முத்திரை வைத்தோம், கையெழுத்து வைத்தோம். அவர் ஒளு எடுத்து மூலையில் நின்று தொழுதார். படிவத்தில் நான் எழுதத் தொடங்கியிருந்த சொல்லை வெட்டி, பக்கத்தில் என் கையொப்பத்தைப் போட்டு, நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே எழுதினேன்: அறைக்குள் தண்ணீர் இருக்கவில்லை, கப் என் கைக்கு வந்த பிறகே வாளி உள்ளே போனது. முகாமையாளர் ஒரு எழுத்தையும் மாற்றச் சொல்லவில்லை. ஹனிபா நானாவைத் தன் வாகனத்திலேயே ஏற்றிக்கொண்டு போய் கிண்ணியாவுக்குப் போகும் கடைசிப் பாதையில் விட்டார். ஆட்களையும் வண்டிகளையும் தண்ணீருக்குக் குறுக்கே கொண்டுபோகும் மிதவையை நாங்கள் பாதை என்போம், அது ஆறு மணிக்கு நின்றுவிடும். மனிதர் வீட்டுக்குப் போய்த்தான் நோன்பு திறந்தார்.

கொழும்பிலிருந்து பதில் வந்தது. சுத்தமான சிறுநீர். மூட்டைகளைக் கட்டியிருந்த கயிறுதான் உக்கிப்போயிருந்ததாம். கப்டன் கொம்பனிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார், ஹனிபா நானாவுக்கு ஒரு பெட்டி பிஸ்கற் கொடுத்தனுப்பினார்.

எனக்குத்தான் கொண்டாட்டம். ‘கப் முதலில், வாளி பிறகு’ என்பது கொம்பனி நடைமுறையாகியது. முகாமையாளர் கொழும்புக்கு எழுதிய அறிக்கையில் என் சமயோசிதத்தைப் புகழ்ந்திருந்தார். கிரேன்காரர்கள் என்னைக் கண்டால் வழிவிட்டு நின்றார்கள். மிஸி ஒரு பார்வையிலேயே விஷயத்தைப் பிடித்துவிட்டா என்று துறைமுகம் முழுக்கக் கதை. நான் அதை மறுக்கவில்லை. புகழ் வந்தால் இனிக்கத்தானே செய்யும்.

பெருநாள் கழிந்து ஹனிபா நானா கிளினிக்குக்கு வந்தார். மனைவி செய்த வட்டிலப்பத்தை ஒரு பெரிய கிண்ணத்தில் கொண்டுவந்திருந்தார். “ஊட்டுக்காரி உங்களுக்காக ஒவ்வொரு நாளும் துஆ கேக்குறா மிஸி. நீங்க இல்லாட்டி நாங்க றோட்டில,” என்றார்.

கரண்டி என் வாய் வரை போய்விட்டது. கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

“நானா, உண்மையைச் சொல்லுறன். நான் ஒண்டையும் கண்டுபிடிக்கேல்ல. நேரம் முடிய முந்தியே நீங்கள் மறுத்ததெண்டு எழுதத் தொடங்கிட்டன். அந்த நேரம் நீங்கள் தொழ எழும்பியிருக்காட்டி உங்கட வேலையை நான்தான் பறிச்சிருப்பன்.”

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்தார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“எனக்குத் தெரியாதா மிஸி? நான் எதிரிலதானே இருந்தனான். நீங்க எழுதத் தொடங்கினதைக் கண்டனான். அதாலதான் எழும்பினனான். வேலை போச்சு, இனி அடக்கி வச்சு என்னத்துக்கு எண்டு நினைச்சுத்தான் கக்கூசு கேட்டனான்.”

நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை இருவரும் சிரித்தோம். “தின்னுங்க மிஸி, தேங்காய்ப்பால் புளிச்சிரும்,” என்று கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டு அவர் கிரேனுக்குப் போனார். அவர் போன பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கத்தைத்தான் இத்தனை வருடங்களுக்குப் பிறகு உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் முன்னால் கப்போடு நிற்பவர் ஏலாது என்றால், மணியைப் பார்க்க முன்னர் அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். கேட்கிற மாதிரிக் கேளுங்கள். நான் கேட்கவில்லை. அதனால் ஒரு நேர்மையான மனிதருக்கு, என்னிடம் ஒரு வாளித் தண்ணீர் கேட்கத் துணிவு வருவதற்கு, முதலில் தன் வேலை போய்விட்டது என்று நம்ப வேண்டியிருந்தது.